வாக்கரின் இடது முன்கால்

சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டில்
கொத்தமல்லிக் கட்டுக்கும் போன் உறைக்கும் நடுவே
தோப்பெகிலே எனக்காக வாங்கி வந்தாள்,
மூன்று கம்பி, அறுபது ரேண்ட்.
விற்றவன் ஒரு பீர் டப்பாவில் ஓட்டை போட்டு
கண்முன்னே அடைத்துக் காட்டினானாம்.
டப்பா நடக்க வேண்டியதில்லையே என்றேன்.

ஆஸ்பத்திரியில் புது வாக்கருக்குப்
பெயர் எழுதிக்கொண்டார்கள்.
நான்கு மாதம். ஐந்தாகலாம்.
அதுவரை? என்றதற்கு
அந்தப் பெண் பேனாவை மூடினாள்.

உடைந்தது குளியலறைப் படியில்,
வளைவுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி.
நானும் கூடவேதான் விழுந்தேன்.
எனக்குப் புதிதாக ஒன்றும் உடையவில்லை.

ஆறு மணிக்கு லோட் ஷெட்டிங்.
சாட்ஸ்வர்த் மேடு முழுக்க அணைந்தது.
நல்லதுதான். பகலில் சுடரின் முனை தெரியாது.
பால் கிரேட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
டார்ச், பிளம்பர் குபேந்திரனிடம் இரவல்.
குழாயைக் குறட்டில் பிடித்துக்கொண்டு
தோப்பெகிலே எதிரே குந்தினாள்.

முதலில் தேய்க்க வேண்டும், எவர்சில்வர் பிரஷ்ஷால்.
அலுமினியத்துக்கு ஒரு தோல் உண்டு,
கண்ணுக்குத் தெரியாது,
உரித்த கணமே மறுபடி போர்த்திக்கொள்ளும்.
என் நாத்தனார் மாதிரி என்று சொல்ல வந்து
ஜூலுவில் வார்த்தை கிடைக்காமல் விட்டேன்.

முதல் கம்பியில் சுடரை நேராகவே காட்டினேன்.
உருகியது, உருண்டது,
சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் ஓடி
சிமெண்டில் விழுந்து பொட்டானது.
கம்பியைச் சுடக் கூடாதாம்.
குழாயைச் சுட்டு, குழாய் கம்பியை உருக்க வேண்டுமாம்.

சரி, குழாயைச் சுட்டேன்.
இரும்பென்றால் சிவக்கும், சொல்லிவிட்டுச் சாகும்.
இது வெள்ளையாகவே இருக்கும்,
வெள்ளையாகவே இருக்கும்,
பிறகு இருக்காது.
குழாயின் உதடு ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது,
ஊசி போட்டுப் பல் பிடுங்கிய வாய்.
பதறி விலகியதில்
இரண்டாம் கம்பியும் சுடரில் போனது.

பத்தொன்பது வருஷம் சட்டை ஃபேக்டரியில்
காலர் தைத்தவள் நான்.
துணி கருகுமுன் வாசனை காட்டும்.
இதற்கு அதுவும் இல்லை.

தொங்கியதை ரம்பத்தால் அறுத்தேன், அரை அங்குலம்.
வாக்கர் காலை நீட்டிக் குறைக்கத் துளைகள் உண்டு,
அங்குலத்துக்கு ஒன்று.
அரைக்குத் துளை கிடையாது.

தோப்பெகிலே எழுந்து போய்
பழைய ஆன்டெனாவில் ஒரு துண்டு நறுக்கி வந்தாள்,
இரண்டு குழாய்க்கும் உள்ளே நுழைக்க.
மற்றக் கையில் பச்சைச் சோப்புக் கட்டி.
ரேடியேட்டர் கடையில் வேலை செய்யும் தம்பி
போனில் சொன்னானாம்:
மூட்டுக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு கோடு போடு.
கோடு கறுத்தால் சுடரை எடு.

மூன்றாவது கம்பி.
சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றினேன்.
கோடு மஞ்சளானது, பழுப்பானது.
யாரோ தெருவில் ஜெனரேட்டரை இழுத்து இழுத்துத் திட்டினான்.
கறுப்பு.
எடு, என்றாள் தமிழில்.
எங்கே கற்றாளோ.
கம்பியைத் தொட்டேன்,
வெண்ணெய் போல் இளகி
விரிசலைச் சுற்றி ஓடி
வாய் மூடிக்கொண்டது.

தொடாதே. ஆறட்டும்.
ஆறியதா என்று கேட்கவும் நிறம் இல்லை.

எட்டரைக்குக் கரண்ட் வந்தது.
வெளிச்சத்தில் பார்த்தால் அசிங்கம்,
ஒழுகிய மெழுகுவர்த்தி.
இப்படி ஒரு காலர் தைத்திருந்தால்
மிஸஸ் ரெட்டி பிரித்து என் மடியில் எறிந்திருப்பாள்.

தோப்பெகிலே முதலில் ஏறிச் சாய்ந்தாள்,
என்னைவிட இருபது கிலோ கூட.
தாங்கியது.
அவள் அதை என்னிடம் தரவில்லை,
முகவாயைத் தூக்கி, உதட்டைக் கடித்து
முற்றத்தில் என்னைப் போலவே நடந்து காட்டினாள்.
அப்படியா நடக்கிறேன்?
அப்படித்தான், என்றாள்.

பிறகு நான், கேட் வரை.
மூன்று கால் சேர்ந்து டக்,
கொஞ்சம் பிந்தி நான்காவது, டொக்.
நான்கு மாதத்துக்குப் போதும்.
ஐந்தாகலாம்.